அறைக்குள் ஒரு மாகாணம்

நாடு பிடிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் படையோடு போய்ப் பிடிக்கிறவர்கள். அவர்களைச் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்னொரு ரகத்தார் மத்தியானச் சாப்பாடு முடித்து, கை கழுவித் துடைத்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றியபின் பிடிக்கிறவர்கள். இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை. எப்படி எழுதுவார்கள்? எழுதுகிறவர்களே அவர்கள்தானே.

இவர்கள் உற்பத்தியாவதற்கு அதிகம் ஒன்றும் வேண்டாம். நாடு சின்னதாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெரிய நாடு இருக்க வேண்டும். பாட்டனார் காலத்தில் ஏதோ ஒரு சண்டையில் அந்தப் பெரியவன் சின்னவனிடமிருந்து ஆற்றுக்கு அப்பால் உள்ள நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, 'இனிமேல் ஆறுதான் எல்லை, ஓரமாக நின்று பார்த்துக்கொள்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு போதும். அப்பன், மகன், பேரன் என்று அத்தனை பேரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டேயிருக்க, அவர்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வருவார். அவர்தான் மீட்பாளர். போன நிலத்தை நாவலில் மீட்டுத் தருகிறவர்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். டீக்கடையில் உங்களுக்கு எதிரே வந்து உட்காருவார். மேசையில் சிந்தியிருக்கும் டீயில் ஆள்காட்டி விரலைத் தோய்த்து ஒரு கோடு இழுப்பார். அதுதான் ஆறு. சர்க்கரைக் கிண்ணம் நம்முடைய பீரங்கிப் படை. உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டை உங்களைக் கேட்காமலே எடுத்து நடுவில் வைப்பார். அது எதிரியின் தலைமையகம். உங்கள் டம்ளரை நகர்த்தி ஆற்றின்மேல் வைப்பார். குடிக்கலாம் என்று நீங்கள் கையை நீட்டினால், "இருங்க, அது ரயில் பாலம். இப்ப எடுத்தா நம்ம ஆளுங்க தண்ணியில விழுந்துடுவாங்க" என்பார். பாலம் ஆறிப் போய் ஆடை படிந்தபின்தான் உங்கள் கைக்கு வரும்.

பெரிய நாட்டை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். 'அவன்'தான். அவனுக்கு உள்ளுக்குள் பயம். அவன் படையில் பாதிப் பேருக்குப் பூட்ஸ் இல்லை. அவனுடைய பீரங்கியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. நமக்கு ஒரே ஒரு ராத்திரி போதும், மனசு மட்டும்தான் வேண்டும். எப்படியாவது பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவருடைய சித்தாந்தத்தின் சாரத்தைச் சொல்வார்: "பேசிக் கேட்டா ஒரு அங்குலம்கூடக் கிடைக்காது. உள்ளே போய் உட்காரணும். உட்கார்ந்துட்டுத்தான் பேசணும்." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்கிறவர் ராணுவத்தில் இருந்தாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கட்டாயச் சேவைக்கு அழைப்பு வந்த வருஷம் அவருக்குத் தட்டைப் பாதம் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தட்டைப் பாதத்தை வைத்துக்கொண்டுதான் அவர் தினமும் காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வேகநடை நடக்கிறார்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். நண்பர்கள் அவரைத் 'தளபதி' என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டார். இப்போது வீட்டு வாசலில் பெயர்ப்பலகைகூட அப்படித்தான். பகலில் அவருக்கு உத்தியோகம் குடிநீர் வாரிய அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம், வரும் என்று சொல்வது அவர் வேலை. போன வருஷம் மேலதிகாரி தன் மைத்துனனைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் உட்கார வைத்துவிட்டு, அங்கே பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த தளபதியைக் கழிவறைப் பக்கம் தூக்கிப் போட்டார். தளபதி என்ன செய்தார்? மேசையை அவரே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, "இந்தப் பக்கம்தான் சார் சத்தமே இல்ல, நல்லா வேலை பார்க்கலாம்" என்று ஒரு கும்பிடும் போட்டார்.

ஆனால் பேனா மூடியைக் கழற்றிவிட்டால் அவர் ஆளே வேறு. ஐந்து நாவல்களில் அக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதல் நாவலில் ஆற்றங்கரை. இரண்டாவதில் ரயில் சந்திப்பு. பிறகு நிலக்கரிச் சுரங்கம், மலையடிவாரம், மலைமேல் இருக்கும் காவல் அரண். ஒவ்வொரு நாவலின் முதல் அத்தியாயத்திலும் ஒரு துரோகியின் சதியால், போன நாவலில் மீட்டதில் பாதி மறுபடியும் கைவிட்டுப் போகும். போகாவிட்டால் பதிப்பாளர் சாப்பாட்டுக்கு எங்கே போவார்? தாக்குதல் எப்போதும் விடியற்காலையில்தான். எதிரி எப்போதும் குடித்துவிட்டுத் தூங்குவான். ஊர் மீண்டதும் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை மாவு டப்பாவைத் திறந்து, அத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்த நம் கொடியை எடுத்து உதறுவாள். மாவு பறக்கும். வாசகர் அழுவார். ஐந்து நாவலிலும் அதே டப்பா, அதே மாவு, அதே அழுகை.

வாசகர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். தளபதியின் வாய்க்குள் கருவியை விட்டுச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, நகரத்தை எப்போது பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார். வாயைத் திறந்தபடியே தளபதி 'ஆ, ஆ' என்பார். டாக்டருக்கு அதுவே போதும், கண் கலங்கிவிடும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஒவ்வொரு நாவலிலும் இரண்டு பிரதி வாங்குவார், ஒன்று படிக்க, ஒன்று அலமாரியில் அடுக்க. பூட்டுக்கடைக்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். ஐந்து நாவலில் மற்றதெல்லாம் மீட்டாகிவிட்டது, இனி மிச்சம் அக்கரையின் தலைநகரம்தான். "இந்தத் தடவை ஊருக்குள்ளேயே போயிடுங்க சார், இன்னும் எத்தனை நாள் மலைமேலேயே நிப்பீங்க?" என்று பதிப்பாளர் நெருக்கிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட பெரும் போரை வெறும் காகிதத்தில் நடத்த முடியுமா? அதற்காகத் தளபதி வீட்டில் ஒரு தனி அறை இருந்தது. அறை நிறைய ஒரு மேசை. தச்சரைக் கூப்பிட்டு, விளிம்பு வைத்து, இரட்டைக் கட்டில் அகலத்துக்குச் செய்தது. அதில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்துக் குழைத்து, மலை எழுப்பி, பள்ளத்தாக்கு குடைந்து, ஆறு ஓடும் இடத்தில் மணலுக்கு நீலச் சாயம் பூசி, தீப்பெட்டி அளவு வீடுகளை ஒட்டி வைத்திருந்தார். ஈயப் பொம்மைச் சிப்பாய்கள் நின்றார்கள். குண்டு விழுந்த இடத்தில் புகைக்குப் பதிலாகப் பஞ்சு. அந்த அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்றடித்தால் மலை சரியும். கூட்டக் கூடாது, கூட்டினால் ஒரு பட்டாளமே துடைப்பத்தோடு போய்விடும். சத்தமாகத் தும்மவும் கூடாது.

அந்த அறை ஒரு காலத்தில் அவர் மனைவியுடையது. அங்கேதான் அவளுடைய தையல் இயந்திரம் இருந்தது. திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் நாவல் எழுதும்போது, "ஒரு ஓரமா ஒரு சின்ன மேசை போட்டுக்கிறேன்" என்று உள்ளே நுழைந்தார். இரண்டாவது நாவலில் தையல் இயந்திரம் கதவருகே வந்தது. மூன்றாவதில் அது சமையலறைக்குப் போய் அடுப்புப் புகையில் நின்றது. அவள் எதிர்த்தாளா என்றால், ஒருமுறை கேட்டாள். அது நாட்டுக்காக என்றார். அதற்குமேல் பேசாமல், அவர் எழுதிக் கொடுத்த பக்கங்களை எடுத்துக்கொண்டு போய்த் தட்டச்சு செய்தாள். ஐந்து நாவலையும் தட்டச்சு செய்தவள் அவள்தான். எந்த மலையை எந்த வழியாக ஏறிப் பிடிப்பது என்று அந்த நாட்டில் ஒருவருக்குத் தெரியுமென்றால், அது அவளுக்குத்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அக்கரையிலிருந்து போன் வந்தது.

மனைவியின் அக்காவை அக்கரையில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அக்கரையின் தலைநகரத்தில், மாவுக்கடைத் தெருவில் வீடு. அக்கா மகளுக்கு இக்கரையில், அதுவும் தளபதி இருக்கும் ஊரிலேயே, செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அக்கரைப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்கலாம் என்று அரசாங்கம் அப்போதுதான் பெரிய மனசு பண்ணியிருந்தது. பெரிய மனசுக்கு ஒரு பெரிய முடிச்சும் போட்டிருந்தது. அப்படி வரும் பெண்ணுக்கு விடுதி கிடையாது. இக்கரைக் குடும்பம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும். அந்தக் குடும்பம் அவளுக்கென்று ஒரு தனி அறை காட்ட வேண்டும். அறையில் கட்டில், திறக்கிற ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். அனுமதி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். இல்லையென்றால் பெண் வந்த வழியே பஸ் ஏற வேண்டியதுதான். இடம் வேறு யாருக்காவது போய்விடும், அடுத்த வருஷமும் கேட்க முடியாது.

மனைவி அன்று சாப்பாடு போடும்போதே பேச்சை எடுத்தாள். "ஏங்க, அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடலாங்க."

"எந்த ரூமை?"

"வீட்டுல எத்தனை ரூம் இருக்கு?"

தளபதி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டார். "அது ரூம் இல்ல. அது அக்கரை."

"அக்கரையிலேருந்துதானே அவ வர்றா" என்றாள் மனைவி.

எதிரி திடீரென்று பின்பக்கமாக வந்தால் செய்வதைத்தான் தளபதி செய்தார். இடத்தை விடாமல் பேச்சுவார்த்தை தொடங்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார். படிக்குக் கீழே ஜன்னல் ஏது? பால்கனிக்குத் தார்ப்பாய் கட்டலாம் என்றார். மழைக்காலத்தில்? மழைக்காலத்துக்குள் நாவல் முடிந்துவிடும் என்றார். மேசைமேல் ஒரு பலகையைப் போட்டு மெத்தை விரித்து, அதையே கட்டில் என்று காட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள். மலைமேல் பலகை போடுவதா? கடைசியில் குரலைத் தாழ்த்தி, மனசில் இருந்ததைச் சொன்னார்.

"அதுவும் இல்லாம, அவன் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு. இத்தனை வருஷம் அவன் சோத்தைத் தின்னு வளர்ந்தவ. எப்படிப்பட்டவளோ யாரு கண்டது?"

"என் அக்கா பொண்ணுங்க" என்றாள் மனைவி. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பார்த்தீர்களா? அக்கரை மண் வேண்டும். அக்கரை மலை வேண்டும். அக்கரையின் நிலக்கரி வேண்டும். அங்கிருந்து ஒரு பெண் உயிரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் மட்டும், எப்படிப்பட்டவளோ!

வீட்டில் நடக்காது என்று தெரிந்ததும் மனைவி வெளியே கேட்டுப் பார்த்தாள். யாரிடம் கேட்பது? அக்கரை என்றாலே கண்ணீர் விடுகிற மனிதர்கள்தான் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களே. பல் டாக்டருக்கு மாடியில் இரண்டு அறை காலி. அவர் கையைப் பிசைந்துகொண்டு, "எனக்கு மனசுல இடம் இருக்கும்மா, மாடியிலதான் இல்ல, பழைய சாமானெல்லாம் கிடக்கு" என்றார். வங்கி மேலாளருக்கு மகன் வெளிநாட்டில். அவன் அறையை அவன் வந்தால் வேண்டும் என்று பூட்டி வைத்திருந்தார், அவன் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பூட்டுக்கடைக்காரர் சட்டம் போட்ட கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மூவரும் புது நாவல் எப்போது வரும் என்று மட்டும் மறக்காமல் விசாரித்தார்கள்.

பெண் வந்து சேர்ந்தாள். மூன்று மாதத் தற்காலிக அனுமதியில் வந்திருந்தாள். அதற்குள் அறை காட்டியாக வேண்டும். கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போர்வையை மடித்து, தான் அங்கே படுத்திருந்த அடையாளமே தெரியாமல் செய்துவிடுவாள். தளபதிக்கு அவள்மேல் கோபம் ஒன்றுமில்லை. சொல்லப் போனால் ஆர்வம்தான். இரண்டாம் நாளே அவளை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தும்மல் வந்தால் வெளியே போய்விட வேண்டும் என்று எச்சரித்துவிட்டு, விளக்கைப் போட்டுக் காட்டினார். ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு அவளுடைய ஊரை அவளுக்கே விளக்கினார். இது மணிக்கூண்டு. அது இடிந்து பல வருஷமாகிறது, அங்கே இப்போது பஸ் நிலையம் என்று அவள் சொன்னதை, "அவன் இடிச்சிருப்பான். நாம திரும்பக் கட்டிடுவோம்" என்று ஒதுக்கிவிட்டு மேலே போனார்.

பெண் மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள். "எங்க வீடு எங்க சித்தப்பா?"

அவர் குச்சியை நீட்டினார். அங்கே வீடுகள் இல்லை. ஒரு கை அளவு பஞ்சு இருந்தது.

"இது என்ன?"

"புகைம்மா. ஆறாவது நாவல்ல பீரங்கிய நிறுத்துறதுக்கு வேற இடமே இல்ல. மாவுக்கடைத் தெருவத்தான் முதல்ல எடுக்கவேண்டியிருந்துச்சு." உடனே, ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். "அது கிடக்கட்டும். நம்ம படை உள்ள வரும்போது ஜனங்க தெருவுக்கு வந்து நின்னு பூப் போடுவாங்க இல்லையா? நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பெண் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெருவே இல்லையே சித்தப்பா. யாரு வந்து நிப்பாங்க?"

தளபதி சிரித்தார். "கதைதானேம்மா" என்று அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவருக்கு அது ஒரு நல்ல நகைச்சுவையாகத் தோன்றியது. நாவலில் எங்கேயாவது சேர்க்கலாமா என்றுகூட யோசித்தார். கதவருகே தட்டச்சுத் தாள்களோடு வந்து நின்ற மனைவி சிரிக்கவில்லை. தாள்களை அவர் கையில் கொடுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தத் தெருவில் குண்டு போடுகிற பக்கத்தை அவள் போன வாரமே தட்டச்சு செய்திருந்தாள். தன் கையாலேயே, அக்கா வீட்டு வாசல்படி வரைக்கும். அதை அவள் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை, அவரையும் சரி, தன்னையும் சரி.

நாவல் அச்சாகி வந்தது. வெளியீட்டு விழா பக்கத்து நகரத்தில், சனிக்கிழமை. ராத்திரி அங்கேயே தங்கல். அனுமதி அலுவலகத்து ஆள் அறை பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை காலை. திங்கட்கிழமை பெண்ணின் அனுமதி முடிகிறது. இந்த மூன்று செய்தியும் தளபதிக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? முதல் செய்திதான் அவர் தலைக்குள் இருந்தது. மற்ற இரண்டும் தம் பாட்டுக்குத் தீர்ந்துவிடும், வருகிறவரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

புறப்படுகிற அன்று காலையில் மனைவி அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டாள். டீயில் சர்க்கரைகூட அவர் விரும்புகிற அளவுக்கு இருந்தது. எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அஞ்சாவது நாவல்ல அந்தக் காவல் அரணை எப்படிங்க பிடிச்சாங்க? தட்டச்சு பண்ணினேன், ஆனா மறந்துடுச்சு" என்று கேட்டாள். அவருடைய போரைப் பற்றி அவள் வாயைத் திறந்து கேட்டது அதுவே முதல் தடவை. தளபதிக்கு மனசு பூரித்துப் போய்விட்டது. எதிரித் தலைவன் ஏதாவது கொண்டாட்டத்துக்காக வெளியூர் போகிற நாளாகப் பார்க்க வேண்டும், உள்ளூர் ஆட்களில் ஒரு தச்சனையோ கொல்லனையோ முன்கூட்டியே கையில் போட்டுக்கொள்ள வேண்டும், பிடித்தவுடனே ஜன்னலையெல்லாம் திறந்து விளக்கைப் போட்டு, நாங்கள் இங்கேதான் காலங்காலமாக இருக்கிறோம் என்கிற மாதிரி குடித்தனத்தை ஆரம்பித்துவிட வேண்டும், திரும்பி வருகிறவன் வாசலில் நின்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதானா? நான் என்னமோ கஷ்டம்னு நெனச்சேன்" என்றாள்.

"மனசு மட்டும்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

விழாவைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி விழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள், முன்வரிசையில்கூட உட்கார்ந்திருப்பீர்கள். பல் டாக்டரும் வங்கி மேலாளரும் தளபதியோடு ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். பதிப்பாளர் மேடையில் ஆற்றைத் துணியால் செய்து வைத்திருந்தார். பேச வந்த ஒவ்வொருவரும் அதைத் தாண்டிப் போய்த்தான் ஒலிபெருக்கியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் தடுக்கி விழுந்தார். தளபதி எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். அக்கரையில் நம்மையே நினைத்துக்கொண்டு காத்திருக்கிற மக்களைப் பற்றிப் பேசினார். "அந்த மண்ணின் மகள் ஒருத்தி இன்று என் வீட்டில் இருக்கிறாள். அவள் கண்களில் நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? நம் வருகைக்கான ஏக்கத்தைப் பார்த்தேன்" என்றார். அரங்கம் எழுந்து நின்றது. டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். அந்த மகள் அவர் வீட்டில் எங்கே படுக்கிறாள் என்று அத்தனை பேரில் ஒருவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஊர் திரும்பினார். கழுத்தில் மாலையின் வாசனை இன்னும் போகவில்லை. வீட்டு வாசலில் நெடுநாளாக ஒரு குழாய்க் கசிவு. புகார்ப் பிரிவுக்காரர் வீட்டுக் குழாயை யார் பார்ப்பார்கள்? எப்போதும் சேறாகக் கிடக்கும் அந்த இடத்தில் அன்று மணல் கொட்டி நிரவியிருந்தது. கால் புதையாமல் சுகமாக நடந்து வந்தார். நல்ல காரியம், யாருக்குத் தோன்றியதோ என்று நினைத்தபடி படியில் காலணியைத் தட்டினார். உதிர்ந்த மணல் நீலமாக இருந்தது.

தளபதி தம் ஆற்றை மிதித்துக்கொண்டு நின்றார்.

ஒரே பாய்ச்சலாக உள்ளே போனார். ஐந்து வருஷமாகச் சாத்தியே கிடந்த ஜன்னல் அகலத் திறந்திருந்தது, காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. மணல்மேசை நின்ற இடத்தில் ஒரு கட்டில். அதன் கால்களும் பலகையும் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை, தச்சர் ஒரே நாளில் பிரித்து மாற்றி அடித்திருந்தார். புதுத் திரைச்சீலை. மூலையில் தையல் இயந்திரம் பழைய இடத்திலேயே, எண்ணெய் போட்டு மினுமினுத்தது. ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, அதன்மேல் உடற்கூறு பாடப் புத்தகங்கள். இரு நாட்டு ராணுவமும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சமாதானமாகப் படுத்திருந்தது. கதவின் உட்பக்கம் புதுத் தாழ்ப்பாள்; அதை மனைவி பூட்டுக்கடைக்காரரிடமே வாங்கியிருந்தாள்.

கத்துவதற்காக அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் கூடத்தில் ஒருவர் டீயோடு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். அனுமதி அலுவலகத்து அதிகாரி. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தளபதியா சார்? உங்க வீடுன்னு தெரியாமலே வந்துட்டேன். அஞ்சு நாவலும் படிச்சிருக்கேன். நாங்கெல்லாம் படிச்சுட்டு அழறதோட சரி. நீங்க நாவல் எழுதுற ரூமையே அக்கரைப் பொண்ணுக்குக் குடுத்திருக்கீங்களே. அம்மா எல்லாம் சொன்னாங்க."

தளபதி மனைவியைப் பார்த்தார். அவள் கதவருகே அமைதியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நாளை பஸ் ஏற வேண்டியதுதான். அது அவருக்குத் தெரியும். அவருக்குப் பெண்மேல் இரக்கம் வந்ததா? வந்தது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். வரவில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு வாசகர். கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிற வாசகர். அவர்முன் எப்படி, எனக்கு மணல்தான் முக்கியம் என்று சொல்வது?

"நம்ம பொண்ணு சார். இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றார்.

அதிகாரி நீட்டிய பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கைப் பழக்கத்தில், புத்தகங்களில் போடுவதுபோலவே கையெழுத்துக்குக் கீழே 'மீட்போம்' என்றும் எழுதிவிட்டார். அதிகாரிக்கு மெய்சிலிர்த்தது. அதை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி முத்திரையை அதன்மேல் குத்தாமல் தள்ளிக் குத்தினார். பெண் விட்ட மூச்சு கூடம் வரைக்கும் கேட்டது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சித்தியின் தோளில் சாய்ந்தாள்.

அதிகாரியை வாசல் வரை சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திய கையோடு தளபதி திரும்பினார். "யாரைக் கேட்டு இதையெல்லாம் பண்ணின? ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

மனைவி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"பேசிக் கேட்டா ஒரு அங்குலம்கூடக் கிடைக்காதுங்க" என்றாள். "உள்ளே போய் உட்காரணும். இப்ப உட்கார்ந்தாச்சு. சொல்லுங்க, பேசலாம்."

அதற்குமேல் பேச ஒரு அத்தியாயமும் அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

இப்போது டீக்கடையில் அவரைப் பார்க்கலாம். சிந்திய டீயில் விரலைத் தோய்த்து ஒரு கட்டம் போடுகிறார். இது ஜன்னல், இது கதவு, இங்கேதான் தையல் மெஷின் என்கிறார். சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்துகிறார். ஒரே ஒரு ராத்திரி போதும், மனசு மட்டும்தான் வேண்டும் என்கிறார். பிறகு வீட்டுக்குப் போய், பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு சிப்பாய் வேண்டுமென்றால், தம்முடைய பழைய கதவை விரலால் தட்டிவிட்டு, "சித்தப்பாதாம்மா" என்று சொல்லிக்கொண்டு வெளியே நிற்கிறார். தாழ்ப்பாள் உள்ளிருந்துதான் திறக்க வேண்டும்.

நன்றாகச் சிரித்தீர்கள். பல் டாக்டரும் கேட்டுவிட்டு இப்படித்தான் விழுந்து விழுந்து சிரித்தார். தளபதிக்கு இது வேண்டும் என்றார், மாடிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே. நீங்கள் நாவல் எழுதுகிறவர் இல்லை. மணல்மேசை வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. கைநழுவிப் போன ஏதோ ஒரு ஊரை, எங்கேயோ கஷ்டப்படுகிற யாரோ சில பேரை நினைத்து அவ்வப்போது பொங்குவீர்கள், அவ்வளவுதான். நல்லது. அப்படி ஒருத்தி நாளைக்குப் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனசில் நிறைய இடம் இருக்கும், தெரியும். மாடியில்?